குழல் முன்னே, யாழ் பின்னே!

விடியற்காலையில் இராயபுரம் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறீர்களா? காசிமேட்டில் மீன்பிடி விசைப்படகுகள் கரை திரும்பும் நேரம். ஒரு படகு ஊதல் ஒலிக்கிறது. அது கீச்சென்று உயர்ந்த குரல். சற்று நேரத்தில் தெற்கே சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய சரக்குக் கப்பல் ஊதுகிறது. அந்த ஒலி வயிற்றுக்குள் அதிர்வது போலத் தாழ்ந்து, நீண்டு வருகிறது. கப்பலைக் கண்ணால் பார்க்காமலே "இது பெரிய கப்பல்" என்று அந்தப் பகுதிச் சிறுவர்கள் கூடச் சொல்லிவிடுவார்கள்.

இது தற்செயல் அன்று. கடலில் மோதல் தவிர்க்கும் பன்னாட்டு விதிகளிலேயே இதற்கு அளவு வகுத்திருக்கிறார்கள். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையில் ஒலிக்க வேண்டும். 75 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குட்பட்ட கப்பலுக்கு 130 முதல் 350 ஹெர்ட்ஸ். அதற்கும் சிறியவற்றுக்கு 250 முதல் 700 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை. அதையே அதிர்வெண் என்கிறோம். அதிர்வெண் மிகுந்தால் குரல் உயரும், குறைந்தால் தாழும்.

பெரிய உடலுக்குத் தாழ்ந்த குரல், சிறிய உடலுக்கு உயர்ந்த குரல் என்னும் இதே பொது ஒழுங்கை ஓர் இசைக்குழுவிலும் காணலாம். இந்தக் கட்டுரையில் மூன்று வகைக் கருவிகள் கூடி வாசிக்கும் ஓர் இசை அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு குழல், ஒரு யாழ், அவற்றைச் சூழ ஒரு நரம்பிசைக் குழு. மூன்றும் மூன்று வகையில் ஒலி எழுப்புகின்றன. அப்படியிருந்தும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அது எப்படி முடிகிறது? எப்போது முடியாமல் போகிறது?

அதற்கு முன் உங்களுக்கு ஒரு கேள்வி. வெயில் ஏறினால் பொருள்கள் விரிவடையும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் வெயிலில் குழலும் சற்று நீளும். நீண்ட குழல் தாழ்ந்த குரல் தரும். ஆகவே வெயிலில் குழலின் சுருதி தாழ வேண்டும் அல்லவா? விடையை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சரிபார்ப்போம்.

மூவர் கூட்டணி

மேனாட்டுச் செவ்வியல் இசையில் 'சூட்' என்றொரு வடிவம் உண்டு. ஒரே சுருதியை ஆதாரமாகக் கொண்ட பல சிறு உருப்படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை அது. நாம் அதை இசைத்தொடர் என்று சொல்லலாம். தொடக்கத்தில் இவை நடன மெட்டுகளாகவே இருந்தன. மெதுவான நடை, விரைவான நடை, ஆடம்பரமான மந்த நடை, துள்ளல் நடை என்று மாறி மாறி வரும். ஜெர்மானிய இசையமைப்பாளர் டெலிமான், ரெக்கார்டர் என்னும் குழலுக்கும் நரம்பிசைக் குழுவுக்குமாக இத்தகைய தொடர் ஒன்றை அமைத்தார். பாக் என்பவர் குறுக்குக் குழலுக்கும் நரம்பிசைக் குழுவுக்குமாக ஒன்று அமைத்தார். 1778இல் பாரிசில் மொசார்ட் குழலும் யாழும் முன்னின்று வாசிக்க, குழு பின்னின்று வாசிக்கும் ஓர் இசையை இயற்றினார்.

ரெக்கார்டர் என்றதும் ஒலிப்பதிவுக் கருவியை நினைத்துவிடாதீர்கள். இது நேராகப் பிடித்து வாயில் வைத்து ஊதும் மரக்குழல். நம் ஊர்த் திருவிழாக்களில் விற்கும் ஊதுகுழலின் மூத்த உறவு என்று வைத்துக்கொள்ளலாம். யாழ் என்று நாம் சொல்வதை மேனாட்டார் 'ஹார்ப்' என்கிறார்கள். நரம்பிசைக் குழு என்பது வயலின், வியோலா, செல்லோ, டபிள் பாஸ் ஆகிய நால்வகைக் கருவிகள் பலவாகச் சேர்ந்தது.

"இது நமக்கு அந்நியமான இசை ஆயிற்றே" என்று எண்ண வேண்டாம். குழலையும் யாழையும் சேர்த்தே பேசியவர் வள்ளுவர். இன்னொரு செய்தியும் உண்டு. மேனாட்டு நரம்பிசை தென்னாட்டு இசைக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்று, திருவொற்றியூரை அடுத்துள்ள மணலி.

மணலியில் கேட்ட மேனாட்டு மெட்டு

இன்று மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் லாரி வரிசையும் நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது இசை வளர்த்த ஊர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதர் தம் குடும்பத்துடன் அங்கே வாழ்ந்தார். அவருடைய மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர், கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவர். இளைய மகன்களுள் ஒருவர் பாலுசுவாமி தீட்சிதர்.

முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு இருந்தது. அதனால் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் இசைக்குழு வாசிப்பதைக் கேட்டார்கள். பாலுசுவாமி ஒரு மேனாட்டு ஆசிரியரிடம் வயலின் கற்றார். தாம் கற்ற கருவியில் நம் இராகங்களை வாசிக்கத் தொடங்கினார். வயலினைத் தென்னாட்டு இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று அவரைப் போற்றுகிறார்கள்.

முத்துசுவாமி தீட்சிதர் வேறொன்று செய்தார். தாம் கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதப் பாடல் எழுதினார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகளும் படை நடை மெட்டுகளும் அவற்றுள் உண்டு. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாடல் அமைந்திருக்கிறது. இவ்வாறு ஏறக்குறைய 40 உருப்படிகள் கிடைக்கின்றன. 'நோட்டு சுவரம்' என்று இவற்றை அழைக்கிறோம். இன்றும் இசை பயிலும் குழந்தைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடன மெட்டுகளின் கோவை என்று பார்த்தால், இவையும் ஒரு வகையில் இசைத்தொடர்களுக்கு உறவுதான்.

இவை அனைத்தும் சங்கராபரணத்தின் சுவரங்களில் அமைந்தவை. ஏன் சங்கராபரணம்? மேனாட்டு இசையின் அடிப்படையான 'மேஜர்' ஏணியிலுள்ள ஏழு சுவரங்களும் சங்கராபரணத்தின் ஏழு சுவரங்களும் ஒன்றே. மொசார்ட்டின் குழல்-யாழ் இசையும் அதே ஏணியில்தான் அமைந்தது. பாரிசில் அது இயற்றப்பட்டபோது முத்துசுவாமி தீட்சிதர் மழலை மாறாத சிறுவர்.

மணலிக்குப் பக்கத்துத் திருவொற்றியூரும் இதில் பின்தங்கவில்லை. தியாகராஜ சுவாமிகளின் மாணவரான வீணை குப்பையர் அந்த ஊரோடு தொடர்புடையவர். சுவாமிகள் அங்கே வந்து திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ஆகவே வட சென்னைக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் பெருமை மட்டுமன்று, இசை ஏற்றி இறக்கிய பெருமையும் உண்டு.

இனிக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

குழல்: காற்றே நரம்பு

குழலில் அதிர்வது எது? மூங்கில் என்றோ மரம் என்றோ சொல்லத் தோன்றும். உண்மையில் அதிர்வது உள்ளே அடைபட்ட காற்றுத் தூண். குழலின் சுவர் அந்தக் காற்றுக்கு ஓர் எல்லை வகுக்கிறது, அவ்வளவே.

ரெக்கார்டரின் வாய்ப் பகுதியில் ஒரு குறுகிய வழி உண்டு. ஊதிய காற்று அதன் வழியே மெல்லிய தகடு போல வெளிவந்து, எதிரே உள்ள கூரிய விளிம்பில் மோதுகிறது. அந்தக் காற்றுத் தகடு ஒருமுறை விளிம்புக்கு மேலே போகும். அடுத்த கணம் கீழே, குழலுக்குள் போகும். இப்படி மேலும் கீழுமாகத் துடிக்கும். எத்தனை வேகத்தில் துடிக்க வேண்டும் என்று கட்டளையிடுவது குழலுக்குள் இருக்கும் காற்றுத் தூண். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால்தான் உயரே எழும். அது போலத் தூணின் இயல்பான அதிர்வுக்கு இசைந்த துடிப்பே வலுப்பெறும். இதை ஒத்ததிர்வு என்கிறோம்.

இரு முனையும் திறந்த குழலின் அடிப்படை அதிர்வெண்ணைக் காண எளிய வழி இது: ஒலியின் வேகத்தைக் குழல் நீளத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 33 செ.மீ. நீளக் காற்றுத் தூணை எடுத்துக்கொள்வோம். 20 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 343 ÷ 0.66 = 520 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய. சிறுவர்கள் பழகும் சிறிய ரெக்கார்டரில் எல்லாத் துளைகளையும் மூடினால் கிடைக்கும் தாழ்ந்த சுவரம் இதுவே. காற்றுத் தூண் திறந்த முனைகளுக்கு வெளியே சற்று நீண்டு நிற்பதால், உண்மைக் குழல் இந்தக் கணக்கைவிடச் சிறிது குட்டையாக இருக்கும்.

விரலை எடுத்துத் துளையைத் திறந்தால் தூண் அங்கேயே முடிந்தது போல ஆகிறது. தூண் குறுகினால் சுருதி உயர்கிறது. ஆகவே குழலின் சுவரங்கள் துளை போட்ட அன்றே ஏறத்தாழத் தீர்மானமாகி விடுகின்றன. புல்லாங்குழல் வாசிப்பவர் உதட்டைச் சற்றுத் திருப்பியும், துளையைப் பாதி மூடியும் சுருதியை வளைக்கலாம். ரெக்கார்டரில் காற்றின் வழி நிலையாக அமைந்து விட்டதால் உதட்டுக்கு வேலையில்லை. பலமாக ஊதினால் ஒலி பெருகும். கூடவே சுருதியும் ஏறிவிடும். மெல்ல ஊதினால் சுருதி இறங்கும். விருப்பம் போல ஓங்கி வாசிக்க இயலாத கருவி அது. அதனால்தான் ரெக்கார்டர் வாசிக்கும் இடத்தில் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யாழ்: ஒரு நரம்புக்கு ஒரு சுவரம்

நரம்பின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது என்று பிரான்சு நாட்டு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இருமடங்காகும். நரம்பின் ஒரு மீட்டர் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

இந்த மூன்று விதிகளையும் யாழின் வடிவத்திலேயே காணலாம். நீண்ட நரம்பு ஒரு பக்கம், குறுகிய நரம்பு மறு பக்கம்; இடையே படிப்படியாகக் குறையும். மேனாட்டுப் பெரிய யாழில் 47 நரம்புகள் உண்டு. கீழே 7 மிதிகள் இருக்கும். ஒரு மிதியை அழுத்தினால் ஒரே பெயருள்ள சுவர நரம்புகள் யாவும் சற்றுக் குறுகி அரைச் சுவரம் உயரும். இன்னும் அழுத்தினால் இன்னோர் அரைச் சுவரம். இந்த இரட்டை மிதி அமைப்புக்கு 1810இல் எரார் என்பவர் காப்புரிமை பெற்றார்.

நம் பழந்தமிழ் யாழுக்கு மிதிகள் இல்லை. பேரியாழுக்கு 21 நரம்புகள், சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று இலக்கிய உரைகள் சொல்கின்றன. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளை விரிவாகவே விளக்குகின்றன. கீழே படகு போலக் குடைந்த பத்தர். அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல் போர்வை. வில் போல் வளைந்த கோடு. கோட்டில் நரம்புகளைக் கட்டும் வார்கள். நரம்பு மெல்லியது, தனியே அது தள்ளும் காற்று மிகச் சொற்பம். நரம்பின் அதிர்வு தோலுக்கும் பத்தருக்கும் போய், அகன்ற பரப்பு காற்றைத் தள்ளும்போதுதான் நமக்குக் காதில் விழும் ஒலி கிடைக்கிறது.

யாழில் எங்கே சுண்டுகிறோம் என்பதும் முக்கியம். நரம்பு அடிப்படை அதிர்வோடு நிற்பதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் கூடவே எழுகின்றன. இவை மேற்சுரங்கள். சரியாக நடுவில் சுண்டினால் நடுப்புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய இருமடங்கு, நான்மடங்கு அதிர்வுகள் எழ மாட்டா. ஒலி மென்மையாகவும் சற்று வெறுமையாகவும் இருக்கும். முனைக்கு அருகில் சுண்டினால் மேற்சுரங்கள் பெருகி ஒலி கூர்மையாகும். ஒரு அட்டைப் பெட்டியில் ரப்பர் வளையத்தை மாட்டி, இரண்டு இடங்களிலும் சுண்டிப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

இத்தனை இனிய கருவி ஏன் தமிழ்நாட்டில் வழக்கொழிந்தது? இரண்டு காரணங்களை நாமே ஆராயலாம். முதலாவது, ஒரு நரம்புக்கு ஒரு சுவரம் என்ற கட்டுப்பாடு. நம் இசையின் உயிர் கமகம். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்து ஒரு சுவரத்திலிருந்து மற்றொன்றுக்கு அசைந்து போகலாம். யாழில் அது எளிதன்று. இரண்டாவது, வில்லின் வடிவம். மேனாட்டு யாழில் முன்பக்கம் ஒரு தூண் உண்டு. நரம்புகளின் மொத்த இழுப்பை அது தாங்கும். வில் யாழில் தூண் இல்லை. ஒரு நரம்பை இறுக்கினால் கோடு சிறிது வளைகிறது. உடனே மற்ற நரம்புகள் சற்றுத் தளர்கின்றன. சுருதி கூட்டுவது பெரும் பொறுமையைக் கேட்கும் வேலை. ஆயினும் இதே வகை வில் யாழ் பர்மாவில் இன்றும் வாழ்கிறது. ஆகவே கருவியின் குறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இசையின் போக்கும் மாறியிருக்க வேண்டும்.

மறைந்த யாழை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர் சுவாமி விபுலாநந்தர். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர். அறிவியல் கற்று அறிவியல் ஆசிரியராகவும் பணியாற்றியவர். இலக்கியச் சான்றுகளையும் அதிர்வெண் கணக்கையும் ஒருசேரக் கொண்டு 'யாழ் நூல்' எழுதினார். அது 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அண்மை ஆண்டுகளில் சென்னையில் யாழைப் புதிதாகச் செய்து வாசிக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன.

வில்லின் வித்தை

சுண்டிய நரம்பின் ஒலி பிறந்த கணமே தேயத் தொடங்கும். வில்லால் வருடிய நரம்பின் ஒலியோ வில் ஓடும் வரை நீளும். எப்படி?

வயலின் வில்லில் குதிரை வால் மயிர் கட்டி, ரோசின் என்னும் பிசின் தடவியிருக்கிறார்கள். வில் நகரும்போது மயிர் நரம்பைப் பற்றி இழுத்துச் செல்கிறது. இழுப்பு மிகுந்ததும் நரம்பு வழுக்கி எதிர்த் திசையில் பாய்கிறது. மீண்டும் பற்றல், மீண்டும் வழுக்கல். வயலினின் 440 ஹெர்ட்ஸ் தந்தியில் இந்தப் பற்றலும் வழுக்கலும் விநாடிக்கு 440 முறை நடக்கின்றன! நம் கண்ணுக்கு நரம்பு ஒரு மங்கலான வளைவாகத் தெரியும். உண்மையில் எந்த ஒரு கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகளாக, நடுவே ஒரு முனையுடன் இருக்கிறது. அந்த முனை நரம்பின் நெடுகிலும் ஓடி ஓடித் திரும்புகிறது. இதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டறிந்தார்.

அந்த ஆராய்ச்சியை விரித்தவர் நம் சர் சி.வி. இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். ஒளிச் சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரை அறிவோம். அதற்கு முன்னர், கல்கத்தாவில் இருந்தபோது, வில் வருடும் நரம்பின் அதிர்வைப் பற்றி 1918இல் விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார். வயலினை ஒரே சீரான அழுத்தத்திலும் வேகத்திலும் வாசிக்க ஓர் எந்திரமே அமைத்துச் சோதித்தார். வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றையும் அவர் விடவில்லை.

நரம்பிசைக் குழுவில் உருவமும் குரலும் எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ். டபிள் பாசின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நீளத்தால் மட்டும் இதைச் சாதிக்க வேண்டுமானால் வயலின் தந்தியைப் போல ஐந்து மடங்கு நீளம் வேண்டும். டபிள் பாசின் தந்தி ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமே. எஞ்சியதைத் தந்தியின் எடை ஈடு செய்கிறது. அதனால்தான் அந்தத் தந்திகள் அத்தனை தடிமன்.

பாலுசுவாமி தீட்சிதருக்கு வயலின் ஏன் பிடித்தது என்பதும் இப்போது விளங்கும். அதில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கு வேண்டுமானாலும் வழுக்கிச் செல்லலாம். வில் இருப்பதால் ஒலி தேயாது. யாழால் இயலாத இரண்டும் வயலினால் இயன்றது. நம்மவர்கள் அதன் தந்திகளை மேனாட்டு முறையில் சுருதி கூட்டாமல் ச-ப-ச-ப என்று மாற்றிக்கொண்டார்கள். தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி வாசித்தார்கள். கருவி அயல்நாட்டது, குரல் நம்முடையதாயிற்று.

வெயில் ஏறினால் என்ன ஆகும்?

இனி நம் தொடக்கக் கேள்விக்கு வருவோம்.

20 பாகை குளிர்ந்த அறையில் குழலும் வயலினும் யாழும் சுருதி சேர்த்தன என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதே குழு இராயபுரத்தில், 32 பாகை வெப்பமுள்ள ஒரு கூடத்தில் வாசிக்கிறது. குழல் நீளுமா? நீளும். மரத்தின் நெடுக்கு வாட்டில் இந்த 12 பாகைக்கு ஏற்படும் நீட்சி பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தக் காதாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அதிர்வது மரம் அன்று, காற்று. காற்று சூடானால் ஒலி அதில் விரைந்து செல்கிறது. 32 பாகையில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். நம் 33 செ.மீ. குழலுக்கு மீண்டும் கணக்கிடுவோம்: 350 ÷ 0.66 = 530 ஹெர்ட்ஸ். 520 இப்போது 530 ஆகிவிட்டது. சுருதி தாழவில்லை, உயர்ந்திருக்கிறது! அரைச் சுவர இடைவெளியில் இது மூன்றில் ஒரு பங்கு.

தந்திகளின் கதை இதற்கு நேர் மாறு. உலோகத் தந்தி வெப்பத்தில் நீளும், நீண்டால் தளரும், இழுவிசை குறைந்தால் சுருதி இறங்கும். பாலுசுவாமியின் காலத்து வயலின்களில் இருந்தவை குடல் நரம்புகள். அவை வெப்பத்தோடு ஈரத்துக்கும் அசையும். கடலோர ஊரில் ஈரக் காற்றுக்குப் பஞ்சமா? காலையில் கூட்டிய சுருதி மாலையில் நிற்காது.

ஆகவே வெயில் ஏறும்போது குழல் மேலே போகிறது, தந்தி கீழே போகிறது. இரண்டும் விலகி நிற்கும்போது என்ன கேட்கும்? 520 ஹெர்ட்சும் 530 ஹெர்ட்சும் ஒருங்கே ஒலித்தால், விநாடிக்கு 10 முறை ஒலி ஏறி இறங்கும். இதை விம்மல் என்கிறோம். விம்மலின் எண்ணிக்கை இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். 10 விம்மல் என்றால் காது கூசும். வேறுபாடு குறையக் குறைய விம்மல் மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். அப்போது சுருதி சேர்ந்தது என்று பொருள். தம்புரா கூட்டுபவர் காதைச் சாய்த்துக் கேட்பது இந்த விம்மலைத்தான்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். வாசிக்கும் குழலுக்குள் நம் மூச்சின் சூடும் சேர்கிறது. ஆகவே குளிர்ந்த கூடத்திலும் குழல் ஓரளவு சூடேறியே இருக்கும். இரு கூடங்களுக்குமான உண்மை வேறுபாடு நம் கணக்கைவிடக் குறையும். ஆனால் போகும் திசை மாறாது.

யார் யாருக்கு இணங்குவது?

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். குழல் ஒரு பக்கம், தந்தி ஒரு பக்கம் போய்விட்டன. சேர்த்து வைப்பது எப்படி? தந்தியின் முறுக்காணியைத் திருகினால் சுருதி ஏறும், இறங்கும். குழலின் துளையை நகர்த்த முடியுமா? முடியாது. ரெக்கார்டரின் தலைப்பகுதியைச் சற்று வெளியே இழுத்து நீளத்தைக் கூட்டலாம்; அதனால் சிறிது இறங்கும். அதிகம் இழுத்தால் துளைகளின் இடைவெளிக் கணக்குக் கெட்டு, சுவரங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். ஒரே மூங்கிலில் செய்த நம் புல்லாங்குழலுக்கு அந்த வழியும் இல்லை. அதனால்தான் நம் குழல் கலைஞர்கள் வெவ்வேறு சுருதியில் பல குழல்களைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

விட்டுக்கொடுக்க முடியாதவர் ஒருவர், விட்டுக்கொடுக்க முடிந்தவர் ஒருவர் என்றால், முடிந்தவர்தான் இணங்க வேண்டும். எனவே தந்தி குழலுக்கு இணங்குகிறது. மேனாட்டுப் பெருங்குழுவிலும் 'ஓபோ' என்னும் ஊதுகருவி ஒரு சுவரத்தை நீட்ட, மற்றவர்கள் அதற்குச் சுருதி சேர்ப்பதே வழக்கம்.

சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் குழல் எழுகிறது. அதை ஒட்டி யாழ் செல்கிறது. தோற்கருவிகள் அதன் பின்னரே வருகின்றன. இளங்கோவடிகள் அங்கே சொல்வது இசைக்கும் ஒழுங்கை. ஆனால் அந்த ஒழுங்கு இயற்பியலுக்கும் எத்தனை பொருத்தமாக இருக்கிறது! துளை போட்ட மூங்கில் அசையாது. கட்டிய நரம்பு அசையும்.

இசையமைப்பாளரின் பங்கு

சுருதி சேர்ந்தால் மட்டும் போதாது. ஒருவர் குரல் மற்றவர் குரலை மூடிவிடக் கூடாது. இதில் நமக்கு உதவுவது காதின் இயல்பு. ஒரே வலிமையுள்ள 10 வயலின்கள் சேர்ந்தால் ஒலி 10 டெசிபெல் கூடும். ஆனால் நம் செவிக்கு அது பத்து மடங்காகத் தோன்றாது, ஏறக்குறைய இரண்டு மடங்காகவே தோன்றும். எனினும் மெல்லிய ரெக்கார்டருக்கு அதுவே அதிகம். எனவே இசையமைப்பாளர் குழல் பாடும் இடத்தில் வயலின்களை மெல்ல வருடச் சொல்வார்; அல்லது வில்லை விட்டு விரலால் சுண்டச் சொல்வார். சுண்டிய ஒலி உடனே தேய்ந்து குழலுக்கு இடம் விடும்.

யாழின் சுண்டலுக்குக் கூர்மையான தொடக்கம் உண்டு. குழலின் ஒலியோ வழவழப்பாகத் தொடங்கும். ஒரு கருவியை அடையாளம் காணக் காது பெரிதும் நம்புவது இந்தத் தொடக்கத்தைத்தான். ஆகவே ஒரே சுவரத்தை இருவரும் வாசித்தாலும் நமக்கு இருவராகவே கேட்கிறார்கள்.

குழலையும் நரம்பிசைக் குழுவையும் இணைத்துத் தமிழர் செய்த பெரும் முயற்சி என்று இளையராஜா 1988இல் வெளியிட்ட 'நத்திங் பட் விண்ட்' இசைத்தொகுப்பைச் சொல்லலாம். அதில் குழல் வாசித்தவர் அரிபிரசாத் சௌராசியா. "வெறும் காற்றே" என்று பொருள்படும் அந்தப் பெயரைப் பாருங்கள். குழலில் அதிர்வது காற்று என்று நாம் மேலே கண்டது நினைவுக்கு வரவில்லையா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் ரெக்கார்டரை வாங்குங்கள். அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. குழலைக் குளிர்பதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்து எடுத்து, எல்லாத் துளைகளையும் மூடி மெல்ல ஊதி, அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஊதிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். மூச்சின் சூட்டில் குழல் சூடேறச் சூடேற எண் படிப்படியாக உயருவதைக் காண்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தில் ஊத வேண்டும். இல்லாவிட்டால் வெப்பத்தின் விளைவையும் மூச்சின் விளைவையும் பிரித்தறிய முடியாது. மூங்கில் குழலைக் குளிரில் வைக்காதீர்கள், வெடித்துவிடக் கூடும்.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலிலோ தேவாலயத்திலோ குழலும் வயலினும் சேர்ந்து வாசிக்கக் கேட்டால், கச்சேரி தொடங்கும் முன்பே போய் அமருங்கள். வயலின் வாசிப்பவர் முறுக்காணியைத் திருகிக்கொண்டே யாருடைய முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். பாதிக் கச்சேரியில் அவர் மீண்டும் ஒருமுறை திருகினால், "இன்னும் சுருதி சேரவில்லையா?" என்று பக்கத்தில் யாராவது சலித்துக்கொள்வார்கள். கூடத்தில் வெப்பம் ஏறியிருக்கிறது என்று அவருக்கு நீங்கள் சொல்லலாம்.